வுடு

2024 பிப்ரவரி ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, செஞ்சியில் திண்டிவனம் சாலையிலுள்ள ஒரு நெல் மண்டியின் வாசலில், லாரிமேல் நின்று மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த பச்சைமுத்து என்கிற சுமைதூக்கும் தொழிலாளி தவறிக் கீழே விழுந்தான். அவனுக்கு வயது நாற்பத்தாறு.

சம்பா அறுவடையான நெல் வந்து குவிகிற நேரம். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து டிராக்டர்கள் விடியுமுன்பே வந்து வரிசை கட்டி நின்றிருந்தன. பனியில் சாக்கெல்லாம் ஈரம். மூட்டை ஒரு பக்கம் போயிற்று, அவன் ஒரு பக்கம் போனான். லாரியின் பின்பலகை இடுப்பில் இடித்தது. கீழே கிடந்தவன் முதலில் கேட்டது, மூட்டை யார்மேலாவது விழுந்ததா என்று.

முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் முதுகெலும்பு நசுங்கியிருப்பதாகச் சொல்லி, அறுத்துக் கம்பி வைத்தார்கள். வீட்டுக்கு வந்தபோது கோடை வெயில் ஏறிவிட்டிருந்தது. இடது கால் அவன் பேச்சைக் கேட்கவில்லை. கோல் ஊன்றி இழுத்தால் பின்னாலேயே வரும். பாதம் மட்டும் ஈரத்துணி மாதிரி தொங்கும்.

வல்லம் போகிற சாலையை ஒட்டிய காலனியில் அவர்களுடையது தொகுப்பு வீடு. வீட்டுக்குப் பின்னாலேயே மொட்டைப் பாறைக் குன்று. பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு பொழுது சாய்ந்த பிறகு வீட்டுக்குள் விடும். அந்த அனலில் பச்சைமுத்து கயிற்றுக் கட்டிலில் படுத்துக் கிடந்தான். மனைவி வசந்தா விசிறினாள், எண்ணெய் தேய்த்தாள், மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தாள். நரம்புக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க இன்னொன்று. ஆஸ்பத்திரியில் பாதி கிடைத்தது. மீதியைக் கடையில் வாங்கவேண்டியிருந்தது.

தொழிலாளர் நலவாரிய அட்டை ஒன்று பச்சைமுத்துவிடம் இருந்தது. புதுப்பிக்காமல் விட்டுக் காலாவதியாகிப்போன அட்டை. "நாளைக்கிப் போறேன், நாளைக்கிப் போறேன்னு சொல்லினே இருந்தாரு. மூட்டை வந்துனே இருந்திச்சி" என்று வசந்தா கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

மகள் கலைச்செல்வி திண்டிவனத்தில் கல்லூரி முதல் வருஷம் முடித்திருந்தாள். காலனியிலிருந்து ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகிற வேன் தினமும் தெருமுனையில் வந்து நிற்கும். ஒருநாள் சோறு தின்றுகொண்டே அவள் சொன்னாள்: "நான் வேன்ல போறேம்மா. நைனாவுக்கு அட்டை வர்ற வரைக்கும்தான். ஒரு வருஷம் விட்டுட்டா திரும்ப சேத்துக்குவாங்களாம். அதுக்குமேல விட்டா பேர எடுத்துருவாங்களாம்."

பச்சைமுத்து கருவாட்டுக் குழம்பு ஊற்றிய தட்டைத் தள்ளி வைத்தான்.

"சாப்டுய்யா. கம்பெனிக்குப் போறேன்னுதான சொல்றா. காசிக்கா போறேன்றா?" என்றாள் வசந்தா. அவளுக்கும் அந்தச் சோறு இறங்கவில்லை.

அட்டை என்றால் மாற்றுத்திறனாளி அட்டை. அதை வைத்து எழுதிப்போட்டால் மாதா மாதம் உதவித்தொகை. வசந்தா களை எடுக்கவும் நிலக்கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கவும் போனால் சோற்றுக்கு ஆகும். உதவித்தொகை வந்தால் மாத்திரைக்கு ஆகும். மாத்திரைக்கு ஆகிவிட்டால் கலைச்செல்வி வேன் ஏறவேண்டாம். வசந்தா போட்ட கணக்கு இவ்வளவுதான்.

*

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெயசுதா ஒரு இ-சேவை மையம் நடத்தினாள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், தலைக்குமேல் கடகடவென்று ஒரு ஃபேன். அந்தக் கடைக்கு வராத கஷ்டம் கிடையாது. ஜெயசுதாவுக்கு வாய் கொஞ்சம் அதிகம். அந்த வாய்க்காகவே வருகிறவர்கள் உண்டு.

"சீக்கிரம் ஆவணும் ஜெயா" என்றாள் வசந்தா.

"சீக்கிரமா? கவுர்மெண்டு ஆபீஸுக்குப் போவசொல்ல அந்த வார்த்தைய வீட்டுலயே வெச்சிட்டு வந்துடணும் வசந்தாக்கா. எலக்சன் முடியட்டும். முகாம் போடுவாங்க. எலும்பு டாக்டரு பாத்து பர்சென்டேஜ் போடுவாரு. நாப்பதுக்கு மேல போட்டாதான் பணத்துக்கு எழுதலாம். முப்பத்தொம்போது போட்டா அட்டைய கிளாஸுக்கு அடியில போட்டு டீ குடிக்கலாம்."

"காலு இழுத்துனு இருக்குதே. நாப்பது போடமாட்டாங்களா?"

"போடுவாங்க. அங்க போயி உள்ளத உள்ளபடி சொல்லச் சொல்லு. வலிக்கிதுன்னா வலிக்கிதுன்னு சொல்லணும். முடியலன்னா முடியலன்னு சொல்லணும். பெரிய மனுசனாட்டம் 'ஒண்ணுமில்ல சார்'னு சொல்லினு நிக்கக் கூடாது. இந்த ஊரு ஆம்பளைங்களுக்கு அதான் வியாதி."

வசந்தா சிரித்தாள். பிப்ரவரிக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

*

தேர்தல் முடிந்து ஜூன் மாதக் கடைசியில் முகாம் வந்தது. மண்டியில் பச்சைமுத்துவோடு மூட்டை தூக்கிய சேரன் ஆட்டோ பிடித்து வந்தான். அவனோடு இன்னும் இரண்டு சுமைக்காரர்கள். அன்றைக்கு மண்டி லீவு. அண்ணனுக்கு அட்டை வாங்குகிற நாள் என்று தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

"இன்னாடா, பொண்ணு பாக்கறதுக்கா போறோம்?" என்றான் பச்சைமுத்து.

"உனக்குத்தாண்ணே. அண்ணிகிட்ட சொல்லிட்டோம். ஒத்துக்கிச்சி" என்றான் சேரன்.

முகாம் நடந்த இடத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். சக்கர நாற்காலிகள், தோளில் தூக்கி வந்த பிள்ளைகள், கறுப்புக் கண்ணாடிக்காரர்கள், கையால் பேசிக்கொண்டிருந்த ஒரு கூட்டம். டோக்கன் வாங்கி உட்கார்ந்து மத்தியானம் ஆயிற்று. யாரோ புளிசோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள். எலும்பு டாக்டர் இருந்த அறைக்கு முன் கூட்டம் அதிகம். சின்ன வயசு டாக்டர். காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை போலும், டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. அறையின் ஜன்னல் திறந்திருந்தது. சேரனும் மற்ற இருவரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பச்சைமுத்துவை மேசைமேல் படுக்க வைத்தார்கள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இடது கால்தானே? தூக்குங்க" என்றார்.

பச்சைமுத்துவின் நெஞ்சு ஒரு தரம் ஏறியது. ஏறியது இறங்கவில்லை. கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்தது. வசந்தா வாயைத் திறப்பதற்குள் கால் மேசையை விட்டுக் கிளம்பியது. கிளம்பி அங்கேயே நின்றது. டாக்டர் கையை வைத்து அழுத்தினார். அப்போதும் நின்றது.

"சரி, போதும். கீழ விடுங்க."

கால் இறங்கியது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. ஜன்னலில் சேரன் பக்கத்திலிருந்தவனைத் தோளில் இடித்தான்.

"வலி இருக்கா?"

"பரவால்ல சார்."

டாக்டர் எழுதினார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். முப்பது சதவீதம். மறுபடி பார்க்க வேண்டுமானால் ஆறு மாதம் கழித்து வரலாம்.

வெளியே வந்து புங்க மரத்தடி வரைக்கும் பச்சைமுத்து கோலை ஊன்றி நடந்தான். அங்கே மரத்தைப் பிடித்துக்கொண்டு தின்ற புளிசோற்றையெல்லாம் வாந்தி எடுத்தான். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. வீட்டுக்கு வந்து படுத்தவன் மூன்று நாள் புரண்டுகூடப் படுக்கவில்லை. ஜூலை மாதம் கல்லூரி திறந்தபோது கலைச்செல்வி தூக்குவாளியோடு வேன் ஏறினாள்.

*

"கால தூக்கிக் காமிச்சாராமே!" என்றாள் ஜெயசுதா. விஷயம் அவள் கடைக்கு முன்னதாகவே வந்துவிட்டிருந்தது. "எதுக்கு முகாம் போட்டாங்க, பரிசு குடுக்கவா? முடியாதவங்களப் பாக்கறதுக்குப் போட்டாங்க. அங்க போயி பயில்வான் வேலை காட்டியிருக்கிறாரு."

வசந்தா எழுந்து வந்துவிட்டாள். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அது உள்ளே கொதித்தது. வீட்டுக்கு வந்தால் பச்சைமுத்து கட்டிலில் இல்லை. தெருக்குழாயிலிருந்து குடத்தைத் தோளில் வைத்து, மறு கையில் கோலோடு, காலை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தான். எழுந்து நடக்க ஆரம்பித்த நாளிலிருந்தே காலையில் ஒரு குடம் அவன் கொண்டுவருவான். கொண்டுவந்த பிறகு மத்தியானம் வரைக்கும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். தெருவில் எல்லாரும் பார்ப்பார்கள்.

"ஏன்யா, உனுக்கு மூளை கீளை இருக்குதா?" என்றாள். "இங்க குடம் தூக்கற. அங்க கால தூக்கற. பொண்ணு வேன்ல போயி செருப்புக்குப் பசை ஒட்டினு இருக்குது. முடியலன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"தூக்கச் சொன்னாரு. தூக்கினேன்."

"முடியாததை எப்பிடிய்யா தூக்கின?"

"எப்பிடின்னு கேட்டா? தம் கட்டித்தான்."

"எதுக்குக் கட்டற?"

பச்சைமுத்து யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். அப்புறம், "நான் எங்கமே கட்டறேன். அதுவா கட்டிக்கிது" என்றான்.

அவன் பொய் சொல்கிறான் என்றுதான் வசந்தா நினைத்தாள். சேரனும் கூட இருந்தவர்களும் ஜன்னலில் நின்றதால் வந்த வீம்பு என்று நினைத்தாள். இரண்டு நாள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேழ்வரகுக் களியைக் கிண்டித் தட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

ஆடி போய் ஆவணியில் வசந்தா மல்லாட்டை பிடுங்கப் போன இடத்துக்குச் சேரன் வந்தான். மூட்டை பிடித்து மண்டிக்கு ஏற்ற வந்திருந்தான். வரப்பில் உட்கார்ந்து பச்சை மல்லாட்டையை உரித்து வாயில் போட்டுக்கொண்டே அவனிடம் வசந்தா கேட்டுவிட்டாள்.

"உங்களாலதாண்டா அன்னைக்கி அவரு அப்பிடி பண்ணாரு. நீங்க ஜன்னலாண்ட நிக்காத இருந்தா..."

"அதில்ல அண்ணி." சேரன் தலையிலிருந்த சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். "நாங்க இல்லன்னாலும் தூக்கியிருப்பாரு. பதினெட்டு வயசுல மண்டிக்கி வந்தவரு. எங்களுக்கு மொதமொத இன்னா சொல்லித் தர்றாங்க தெரியுமா? தூக்குன்னு சத்தம் வந்தா தம் கட்டணும். கட்டினத நடுவுல வுடக் கூடாது. ரெண்டு பேரு தூக்கி மூணாவது ஆளு தலையில வெக்கறோம். நான் பாதியில வுட்டா கீழ நிக்கிறவன் கழுத்து போயிடும். தலையில வெச்சி, அவன் புடிச்சினான்னு பாத்து, மேஸ்திரி 'வுடு'ன்னு ஒரு சத்தம் குடுப்பாரு. அப்பதான் வுடுவோம். அது வரைக்கும் பாம்பு கடிச்சாலும் வுடமாட்டோம்."

"டாக்டரு இன்னா மேஸ்திரியா?"

"காதுக்கு இன்னா தெரியும் அண்ணி? தூக்குன்னா தூக்குதான்." உள்ளங்கைத் தொலியை ஊதித் தள்ளினான். "அந்த டாக்டரும் 'கீழ விடுங்க'ன்னாரு பாரு, அப்பத்தான் வுட்டாரு. கவனிச்சியா?"

வசந்தா கவனித்திருந்தாள். அப்போது அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை.

அன்றைக்குப் பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்தவள் முந்தானையில் முடிந்து வந்த மல்லாட்டையை உப்புப் போட்டு வேகவைத்துப் பச்சைமுத்துவின் முன்னால் வைத்தாள். இருவரும் உரித்துத் தின்றார்கள்.

*

டிசம்பர் கடைசியில் மறு முகாம் என்று ஜெயசுதா சொல்லியிருந்தாள். அதற்கு முன்னால் புயல் வந்தது. காலனியில் இடுப்பளவு தண்ணீர். அரிசிப் பானையையும் எக்ஸ்ரே கவரையும் பரண்மேல் ஏற்றிவிட்டு மூன்று பேரும் பள்ளிக்கூடத்தில் போய் இருந்தார்கள். பச்சைமுத்துவைச் சேரன்தான் முதுகில் சுமந்துபோனான். போகிற வழியில், "எத்தினி கிலோ இருப்பேன்டா?" என்று பச்சைமுத்து கேட்டான். "முக்கா மூட்டைகூட இல்லண்ணே" என்றான் சேரன். முகாம் பொங்கலுக்குப் பின்னால் தள்ளிப்போனது.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை போனார்கள். இந்தத் தடவை சேரனைத் தவிர யாரும் வரவில்லை. வசந்தா அவனை வெளியிலேயே உட்காரச் சொல்லியிருந்தாள். உட்காருகிறேன் என்று சொன்னவன், பெயரைக் கூப்பிட்டதும் பச்சைமுத்துவைத் தாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். மேசைமேல் ஏற்ற ஆள் வேண்டியிருந்தது.

இந்தத் தடவை வயசான பெண் டாக்டர். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பழைய சீட்டைப் பார்த்தார். "போன வாட்டி கால்ல பவர் நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்களே. இப்ப என்ன புதுசா?"

வசந்தாவுக்கு இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை.

"சரி, படுங்க. இடது காலத் தூக்குங்க."

பச்சைமுத்து வசந்தாவைத்தான் பார்த்தான். காலையில் புறப்படும்போது அவன் சத்தியம் செய்திருந்தான், தூக்கமாட்டேன் என்று. அவன் கண்ணில் அது இருந்தது. அப்படியும் நெஞ்சு ஏறியது. கழுத்து புடைத்தது. வெளுத்துச் சூம்பிப்போன அந்தக் கால் மேசையை விட்டு எழும்பத் தொடங்கியது. டாக்டர் சீட்டின் பக்கம் பேனாவைக் கொண்டுபோனார்.

"வுடு" என்றாள் வசந்தா.

மண்டியில் மேஸ்திரி கொடுக்கிற சத்தம். அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோன நாட்களில் வாசலில் நின்று எத்தனையோ தரம் கேட்டது. அடிவயிற்றிலிருந்து, வெட்டினாற்போல, ஒரே சத்தமாக வந்தது.

கட்டின தம் கலைந்தது. கால் தடாலென்று மேசைமேல் விழுந்து, பாதம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. பச்சைமுத்துவின் வாயிலிருந்து, விழுந்த அன்றைக்குக்கூட வராத ஒரு முனகல் வந்தது. அறையில் இருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா, எதுக்கு அவர அதட்டுற?"

"அதட்டல மேடம். அவரு லோடுமேனு. தூக்கச் சொன்னா தம் கட்டித் தூக்கிடுவாரு. அப்பறம் மூணு நாளு எழுந்திருக்க மாட்டாரு. யாராச்சும் வுடச் சொல்லணும்."

டாக்டர் சேரனைப் பார்த்தார். சேரன் தரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினான். அவர் எழுந்து வந்து பச்சைமுத்துவின் குதிகாலுக்கு அடியில் உள்ளங்கையை வைத்தார். "தூக்க வேணாம். மூச்ச நல்லா வாங்கி விட்டுக்கிட்டே இருங்க. பேசிக்கிட்டே இருங்க. எந்த ஊரு?"

"வல்லம் ரோடு."

"பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணு. காலேஜி படிக்கிது" என்றவன், "படிச்சிது" என்று திருத்திக்கொண்டான்.

பேசப் பேச அவர் காலை மடக்கினார், நீட்டினார், குண்டூசியால் தொட்டு எங்கே தெரிகிறது என்று கேட்டார். முழங்காலுக்குக் கீழே ஊசி பட்டது அவனுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஐம்பத்தைந்து சதவீதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே டீ வாங்கினார்கள். சேரன் போண்டா வாங்கி வந்து நீட்டினான். பச்சைமுத்து வாங்கவில்லை.

"அண்ணே, ஐம்பத்தஞ்சிண்ணே. நாப்பதே போதும்னாங்க" என்றான் சேரன்.

"ஆமா."

சேரன் ஆட்டோவைப் பார்க்கப் போன பிறகு பச்சைமுத்து மெல்லச் சொன்னான்: "அந்தப் பையன் பாத்துட்டான்."

"எத?"

"நான் வுட்டத."

"நான்தான்யா வுடச் சொன்னேன்."

"ஆமா. நீதான் சொன்ன" என்றான். டீயைப் பாதியில் வைத்துவிட்டான்.

*

அட்டை வர மார்ச் ஆயிற்று. அதை வைத்து ஜெயசுதா உதவித்தொகைக்கு எழுதிப்போட்டாள். "இது சீக்கிரம்தான்க்கா. நம்ப ஊரு சீக்கிரம்" என்றாள். ஏப்ரல் கடைசியில் விசாரிக்க வந்த கிராம நிர்வாக அலுவலர் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, முதலில் குழாயடியில் நின்றவர்களிடம் பேசினார். அப்புறம்தான் வீட்டுக்கு வந்தார். வசந்தா மோர் கொடுத்தாள்.

"என்னம்மா, உன் வீட்டுக்காரர் தண்ணிக் குடமெல்லாம் தூக்கிட்டு வர்றாருன்னு சொல்றாங்களே?"

வசந்தா கட்டிலைப் பார்த்தாள். பச்சைமுத்து உட்கார்ந்து காலில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"தூக்கினு இருந்தேன் சார்" என்றான் அவனே. "இப்ப தூக்கறதில்ல. பொங்கலுக்கப்பறம் தூக்கல."

அது உண்மை. முகாமுக்குப் போய் வந்த மறுநாள் காலையில் குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவன் வருவான் என்று வசந்தா கொஞ்ச நேரம் நின்றாள். வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

அலுவலர் எழுதிக்கொண்டு போனார்.

உதவித்தொகை ஆணை 2025 ஜூன் பதினோராம் தேதி வந்தது. அடுத்த வாரம் கலைச்செல்வி திண்டிவனம் போய் இரண்டாம் வருஷத்தில் சேர்ந்தாள். கம்பெனி வேன் இரண்டு நாள் தெருமுனையில் நின்று ஹார்ன் அடித்துப் பார்த்தது. மூன்றாம் நாளிலிருந்து நிற்காமல் போனது. குழாயில் தண்ணீர் வந்ததும் வசந்தா இரண்டு குடத்தையும் தானே கொண்டுவந்து வைத்துவிட்டு வேலைக்குப் புறப்பட்டாள்.